கையால் தட்டிய முகவரி

இரவு ஒன்பதரை. லியபாயாவின் கடற்காற்று
ஜன்னலை உலுக்குவது போனில் கேட்கிறது.
"ஆபீஸில் ஓடுது, வீட்டில் செத்துப்போகுது"
என்கிறார் ஜிந்த்ரா, துறைமுகக் கணக்கர்.
கால் சுளுக்கியதால் இந்த வாரம்தான்
லேப்டாப்பை முதன்முறை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.
மகன் ரெனார்ஸின் போனுக்கு வருகிறதாம்,
டிவிக்கும் வருகிறதாம்.
இதற்கு மட்டும் மஞ்சள் முக்கோணம்.

ரவுட்டரை அணைத்து முப்பது எண்ணுங்கள் என்றேன்.
எண்ணினார், லாத்விய மொழியில், சத்தமாக,
பதினேழில் ஒருமுறை தும்மி.
பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாய் எழுந்தன.
முக்கோணம் அசையவில்லை.
கேபிள் கம்பெனியின் தலையில் பழியைக் கட்டப் பார்த்தேன்.

கடைசியில் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன்.
நான்கு எண்களை வாசித்தார், இடையில் புள்ளிகளோடு.
எனக்கு வியர்த்தது.
மூன்று வருடம் முன்பு, பிரிண்டர் முரண்டுபிடித்த நாளில்,
அவசரத்துக்கு நான் கையால் தட்டிய முகவரி.
சமையலறை மேசையில் உட்கார்ந்துகொண்டு
துறைமுக அறையின் கதவைத் தட்டுகிறது இயந்திரம்.

'தானாக' என்ற வட்டத்தைத் தொட்டார்.
வந்துவிட்டது.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்து
குட்நைட் சொன்னேன்.

திங்கள் காலை எட்டேகால்.
"வீட்டில் ஓடுது, ஆபீஸில்..."
அங்கே இன்னும் பழைய எண் சொன்னால்தான் கதவு.
"அப்போ சாயங்காலம் மறக்கணும்,
காலையில் ஞாபகப்படுத்தணுமா?"
ரீகாவிலிருந்து அனுமதி வரும்வரை, என்றேன்.
சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றார்.
சொன்னேன். புள்ளி. மறுபடி புள்ளி.
மூன்றாவது எண்ணில் பேனா நின்றுபோய்
இழுப்பறையில் அவர் பென்சில் தேடுகிறார்.