மறுபுறம்

அந்தக் கத்தரி இன்னும் என்னிடம் இருக்கிறது.
நுனி வளைந்தது. மீன் செட்டைக்கு ஆகாது.
பழந்துணி கிழிக்க, மாத்திரை அட்டை நறுக்க.
தங்கச்சிமடத்தில் யாருக்கும் தெரியாது
அது சர்க்கார் கத்தரி என்று.

நாற்பத்து மூன்று, ஆடி.
மண்டபத்தில் ரயில் நின்றால்
ஆள் இறங்குமுன் மணல் ஏறிக்கொள்ளும்.
ஐந்தாம் பாரம் படித்த அமலோற்பவத்துக்குக்
காக்கிச் சேலை இரண்டு, பூட்ஸ் ஒரு ஜோடி,
மாதம் அறுபது ரூபாய்.
அப்பா மூன்று நாள் பேசவில்லை.
முதல் மணியார்டர் வந்த அன்று
வத்தைக்குப் பாய் வாங்கப் பாம்பனுக்குப் போனார்.

ஓட்டுக் கொட்டகையில் பதினொரு பெண்கள்.
மேசைமேல் மூட்டை மூட்டையாய்
முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி ஆண்கள்,
'நான் சுகம், அங்கு அனைவரும் சுகமா' என்று
ஒரே குரலில் தொடங்குகிறவர்கள்.
ஊர், கப்பல், பாலம், மழை.
மழைகூடக் கூடாது,
எதிரி அதை வைத்துக் கணக்குப் போடுவானாம்.
நேசமணி சவரக் கத்தியால் பிசகாமல் எடுப்பாள்.
என் வெட்டு இடப்பக்கம் இறங்கும்.
காலரா என்று எழுதியவனை வெட்டினேன்.
காளைக்குப் பருத்திக்கொட்டை வை என்றவனை விட்டேன்.
'உன் வாசனை' என்று தொடங்கியவனை
இரண்டு தரம் படித்தேன்.
அதற்கு விதி எதுவும் இல்லை.

வெளியே மூச்சு விடுவதில்லை என்று
வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம்.
சந்தையில் எதிர்ப்பட்ட பெண்களின்
புருஷன்மார் எல்லாரையும் எனக்குத் தெரியும்,
யாருக்குக் கடன், யாருக்குக் குடி,
யார் ராத்திரியில் அழுகிறான்.
தலையைக் குனிந்து புளி வாங்கினேன்.

சண்டை முடிந்ததும் ஒரு காகிதம் கொடுத்தார்கள்,
நன்னடத்தை என்று எழுதி.
காக்கி கட்டினவளுக்கு வரன் வரவில்லை.
உச்சிப்புளி தபாலாபீசில்
தபால்தலை விற்கிற வேலை வந்தது.

அறுபத்தாறில் ஒரு மத்தியானம்
பெருங்குளம் முத்திருளாயி
நின்றுபோன பென்சனுக்கு மனுவும் மகளுமாக வந்தாள்.
ரெஜிமெண்டு நம்பருக்கு
அவளிடம் இருந்த சாட்சி ஒரே ஒரு கடுதாசி.
கொட்டானுக்குள் மஞ்சள் துணி, துணிக்குள் தாள்.
ஜன்னல் வழியே நீட்டினாள்.
நடுவில் ஓட்டை.
இடப்பக்கம் இறங்கியிருந்தது.

ஆயிரம் வெட்டியிருப்பேன், இது மறந்திருக்கலாம்.
மறக்கவில்லை.
'இப்போது கோஹிமா பக்கம் இருக்கிறோம்.'

அவள் தாளைத் திருப்பினாள்.
எழுத்துத் தெரியாது, பாடம்.
விரலை ஓட்டிக்கொண்டே சொன்னாள்:
'பிறப்பது பெண்ணாக இருந்தால்
                              என்று பெயர் வை.'

தாளுக்கு மறுபுறம் உண்டு.
பதினொரு பேரில் ஒருத்தியும் திருப்பிப் பார்த்ததில்லை.

அடுத்த கடுதாசி வரவில்லை, தந்தி வந்தது.
அவர் வச்ச பேரு இருக்கையில
நான் எப்படி ஒண்ணு வைக்க என்று
ஐந்து வயது வரை 'இந்தா' என்றே கூப்பிட்டிருக்கிறாள்.
இந்தா, கஞ்சி குடி. இந்தா, தூங்கு.
வாத்தியார் கேட்டபோதும் அதைத்தான் சொன்னாள்.
அவர் இந்திரா என்று எழுதிக்கொண்டார்.

"இந்த ஓட்டைக்குள்ள அடங்குற பேரா
நெதம் ஒண்ணு நெனச்சுப் பாப்பேன் தாயி."
கோபமே இல்லை,
கருப்பட்டிக்கு விலை சொல்கிற குரல்.

கடுதாசியை அனுப்பவேண்டாம், நகல் போதும் என்றேன்.
நானே எழுதினேன்.
ஓட்டை வந்த இடத்தில் பேனாவைத் தூக்கித்
தாண்டி வைத்தேன், இந்தப் பக்கம் ஒருமுறை,
அந்தப் பக்கம் ஒருமுறை.

அதுவரை பேசாத மகள்
சுண்டுவிரலை ஓட்டைக்குள் விட்டபடி கேட்டாள்,
"முன்பக்கம் என்ன இருந்திருக்கும்?"

இருபத்து மூன்று வருஷச் சத்தியம்.
வரிசையில் யாரோ சில்லறைக்கு அவசரப்பட்டார்கள்.
"கோஹிமா" என்றேன்.

எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.
"அது ஊரா, பேரா?"

ஊர்.

முத்திரை குத்தி ரசீது கிழித்துக் கொடுத்தேன்.
அம்மாவை முன்னால் விட்டு
வேலிக்கருவை நிழலில் போகும்போது
அந்தப் பெண் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள்,
கோஹிமா,
வீட்டுக்குள்ளிருந்து யாரையோ
சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி.