வெற்று வரி

கணினியில் ஏழே வரி நிரல்.
சம்மாந்துறைக் கந்தோரில் ஃபேன் நின்றுபோன மத்தியானம்
றிஸ்மியா எழுதினது.
வந்த கடிதத்தின் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும்
ஒரு கூர் நட்டு வைக்கும்.
கீழே பதில் எழுதலாம்.

வட்டைவிதானை ஆதம்லெவ்வை கேட்டிருந்தார்:
"கடைக்கண்டத்துக்குத் தண்ணி எப்ப?"
கந்தோர், 'ஐயா' என்ற வரிக்குக் கீழே மட்டும்
"கிடைத்தது" என்றது.
அவர் திரும்பக் கேட்டார்.

இது பதினோராம் தடவை.
பதினொரு கூர் தள்ளத் தள்ள
திரையின் வலக்கரையில் முறிந்து கிடக்கிறது கேள்வி:
தண்
ணி
எப்ப

கையொப்பத்துக்கு மேலே
அவர் ஒன்றும் எழுதாமல் விட்ட வரிக்கும்
கூர் விழுந்திருக்கிறது.
நிரலின் பிழைதான்.
வெறும் வரியைத் தாண்டச் சொல்லியிருக்க வேண்டும்.

திருத்தப் போனவள்
கையை எடுத்துக்கொண்டாள்.
அந்த வரிக்குக் கீழேதான்
முதல் பதிலைத் தட்டுகிறாள்.