வயிறு பற்றி ஒரு குறிப்பு

குளோட்டன். நவம்பர். ஐந்தாம் சுற்றுப் பேச்சு.
பனிப்புகார் ஓடுபாதையை விழுங்கிவிட்டது.
மூன்றாம் மாடி ஜன்னலில்
வால் மட்டும் தெரிகிற ஒரு விமானம்,
மிச்சத்தை எங்கோ அடகு வைத்ததுபோல.

நிதிப் பொறுப்பாளர் ஓபர்ஹோல்ட்ஸர்
சுவரில் படம் காட்டுகிறார்.
எரிபொருளை முன்கூட்டியே விலைபேசி வைத்தார்களாம்,
பேசிய மறுமாதம் சந்தையில் விலை விழுந்ததாம்.
விழுந்தது எண்ணெய்.
அடிபட்டது எங்கள் இரவுப்படி.

நாங்கள் கேட்டது பெரிதல்ல.
பாதுகாப்பு வாசலில் சப்பாத்தைக் கழற்றி, பெல்ட்டைக் கழற்றி,
மறுபடி மாட்டி,
நீலக் கதவு, மின்தூக்கி, நிலக்கீழ் நடை,
பிறகுதான் உடைமாற்றும் அறை:
ஏழு நிமிடம்.
அட்டை பதிகிற பொறி அந்த அறைக்குள் இருக்கிறது.
அதுவரை நடக்கிற கால் யாருடைய கால்?

"நடப்பது வேலையில் சேராது"
என்றார் ஆள்வளத்துறை ஸ்கிராகன் அம்மையார்.
அவர் கைக்கடிகாரமோ
கழிவறைக்குப் போன அடிகளையும் எண்ணி வைத்திருந்தது.

ஷ்ப்ரேசா கணக்கை
ஒரு வாந்திப் பையின் முதுகில் எழுதி வந்திருந்தாள்.
போக ஏழு, வர ஏழு,
வருசத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு முறை:
நாற்பத்தொன்பது மணித்தியாலமும் சில்லறையும்.
பையை மேசையின் நடுவில் வைத்தாள்.
ஒருவரும் தொடவில்லை.
அது புதுப் பைதான்.

பதினான்காவது படத்தில்
எல்லாவற்றிலும் நீளமான சிவப்புக் கம்பி.
விமான வாடகை.
"யாருக்குக் கட்டுகிறீர்கள்?" சங்கத்து ரெகுலா கேட்டாள்.
டப்ளினில் ஒரு நிறுவனத்துக்கு.
"அது யாருடையது?"
எங்கள் தாய்க் கம்பனியின் இன்னொரு பிள்ளை.
"வாடகையை ஏற்றியது?"
தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார்,
குடிக்காமல் மூடினார்.
தாய், என்றார்.

எனக்கு வாயில் வந்துவிட்டது, தமிழில், சத்தமாக:
தாயும் பிள்ளையும் ஆனாலும்
வாயும் வயிறும் வேறு.

மொழிபெயர்க்கச் சொன்னார்கள்.
பத்தொன்பது வருச ஜெர்மனில்
உறிஞ்சு குழாய்க்குச் சொல் இருக்கிறது என்னிடம்,
காய்ச்சலுக்கு, வதிவிட அனுமதிக்கு,
இருக்கைப் பையில் கிடக்கிற அழுகிய வாழைப்பழத்துக்கு.
இதற்கு இல்லை.
அம்மா, என்றேன். பிள்ளை. ஒரு வீடு.
வாய் வேறு. வயிறு வேறு.

முதலில் சிரித்தது மிலாடின்.
பிறகு, எதிர்ப்பக்கத்தில், கணக்காளப் பெடியன்;
சிரித்ததும் பயந்துபோனான்.
கூட்டக் குறிப்பில் இன்றும் இருக்கிறது:
"பதினான்கு பத்து. தொழிலாளர் தரப்பு
வயிறு பற்றி ஒரு கருத்துத் தெரிவித்தது."

பதினொன்றரைக்கு மேல் இங்கே விமானம் எழாது, இறங்காது,
ஊர் தூங்க வேண்டும் என்று சட்டம்.
பேச்சுக்கு அந்தச் சட்டம் இல்லை.
இரண்டு நாற்பதுக்குக் கையெழுத்து:
சம்பளம் ஒன்று தசம் ஒரு வீதம்,
இரவுப்படி பழையபடி,
நடைக்கு நான்கு நிமிடம்.
போக மட்டும்.
"வீடு திரும்புவது உங்கள் பொழுதுபோக்கு" என்றான் மிலாடின்.

கையெழுத்துப் பெட்டி சின்னது.
அருந்தவம் வரைதான் அடங்கியது,
செல்வி கோட்டைத் தாண்டி வெளியே நின்றாள்.
வென்றோமா என்று ரெகுலாவைக் கேட்டேன்.
பசிக்குது, என்றாள்.
கீழே பொறியில் காசு போட்டு
ஆளுக்கொரு உப்பு பிஸ்கட் எடுத்தோம்.

நாலரைக்கு எனக்கு வேலை.
கைத்தொலைபேசியில் நேரத்தை ஓடவிட்டு நடந்தேன்.
நான்கு நிமிடம் முடிந்த இடம்
நிலக்கீழ் நடையில், முப்பத்தேழாம் இலக்கத் தீயணைப்புக் குடுவை.
இதுவரை கம்பனியின் கால்.
இதற்கப்பால் என்னுடையது.
அந்த இடத்தில் ஷ்ப்ரேசா
சுவரில் ஒரு பயணப்பொதிச் சீட்டை ஒட்டினாள்.

இரண்டு கிழமை கழித்துப் பார்க்கிறேன்,
யாரோ அதை உரித்து
மூன்றடி உள்ளே தள்ளி
ஒட்டியிருக்கிறார்கள்,
உடைமாற்றும் அறைப் பக்கமாக.