கம்பி நழுவிய வண்டி

படத்தை விளக்குப்பலகையில் செருகிவிட்டு
பேனாமுனையால் தொட்டுக் காட்டினார் டாக்டர் லெவின்ட்சா.
இது எலும்பு. இது தோளின் கூரை.
கூரைக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும் இதுதான்
கை மேலே போவதைத் தொடங்கிவைக்கும் தசை.
சாம்பல் நிறமாய் இருக்க வேண்டியது.
வெள்ளை ஓடியிருக்கிறது, கோடு கோடாக.

கிஷினாவ் இறைச்சிக்கடைகளில்
அந்தக் கோடுகளைக் கேட்டு வாங்கியவள் நான்,
இன்னும் கொஞ்சம் வெள்ளையாய்ப் போடு என்று.

நான்கில் மூன்று, என்றார்.
பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்ததைவிட நல்ல மதிப்பெண்.
அவர் சிரிக்கவில்லை.

முப்பத்தொரு வருஷம் டிராலிபஸ் ஓட்டினேன்.
பொத்தானிக்கா வளைவில் எப்போதும் நழுவும்
கூரைமேல் இருக்கும் இரட்டைக் கொம்பு.
இறங்கி, பின்னால் போய், கயிற்றைப் பிடித்து
அண்ணாந்து, கண்ணில் பனி விழ விழ
கொம்பைக் கம்பியில் ஏற்ற வேண்டும்.
உள்ளே கண்ணாடியைத் தட்டுவார்கள்.
இந்த ஊருக்குத் தோள் கொடுத்தேன் என்றால்
அது பேச்சுக்குச் சொல்வதில்லை.

'மூட்டு மாற்றுவது ஒரு காலைப்பொழுது வேலை, அக்ரிப்பினா.
கொழுப்பாய்ப் போனது திரும்பத் தசையாகாது,
அதை நான் தைத்தாலும் ஆகாது.
பந்தையும் கிண்ணத்தையும் இடம் மாற்றி வைப்பேன்.
அப்புறம் தூக்க வேண்டியது வெளியே இருக்கும் இந்தப் பெரிய தசை.
உலோகம் எல்லோருக்கும் ஒன்றுதான்.'
கட்டைவிரலால் என் தோளின் பக்கவாட்டை அழுத்தினார்.
'இருக்கிறது' என்றார்.
இந்த வயதில் ஓர் ஆண்
என் உடம்பைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை.

ஏழு வாரம் இருந்தது.
குளிர்பெட்டிக் கைப்பிடியில் பச்சை ரப்பர் பட்டை.
சுவரைத் தள்ளு, பத்து எண்ணு, விடு.
சுவர் நகரவில்லை. நகரக் கூடாதாம், அதுதான் பயிற்சி.
பதோவாவிலிருந்து மகன் கூப்பிட்டான்:
பணம் கட்டியாயிற்றே, மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?
வலித்த நாளில் செய்யவில்லை.
மழை பெய்த ஒரு நாளும் செய்யவில்லை,
அதற்குக் காரணம் எதுவும் இல்லை.

பயிற்சி அறையில் யூஃப்ரோசினா வந்து சேர்ந்தாள்.
நிலப்பதிவு அலுவலகம்;
முத்திரை குத்துவதற்கு மேல் தோளுக்கு வேலை வைக்காதவள்.
எலும்பு என்னுடையதைவிட மோசம், படத்தில் பார்த்தேன்.
தசை மட்டும் புதுத் துணிபோல.
ஒன்பதாவது வாரம் தலைக்குப் பின்னால் கொண்டை போட்டுக் காட்டினாள்.
நான் கை தட்டினேன்,
தட்டுகிற அளவுக்குத்தான் அப்போது எனக்குக் கை வந்திருந்தது.
பொறாமைக்கும் ஒரு தசை இருக்கும்,
அதில் கொழுப்பே ஏறாது.

நாலாம் மாதம் தோள் உயரம்.
ஐந்தாம் மாதம் அதற்கு மேல் நாலு விரல்.
இரண்டாம் தட்டு என்னுடையது.
மூன்றாம் தட்டில் போன ஆகஸ்டில் போட்ட செர்ரி ஜாடிகள்,
அவை அங்கேயே இருக்கட்டும்.
கை வெளிப்பக்கம் திரும்ப மறுக்கிறது;
சூப் குடிக்கையில் முழங்கை தூக்கிக்கொள்கிறது
கொம்பு ஊதுகிறவனுக்குப்போல.
ஆனால் இரவில் வலி இல்லை. தூங்குகிறேன்.
தூக்கத்தை அளக்க அவர்களிடம் எண் கிடையாது.

மார்ச். வண்டி நின்றுவிட்டது.
எங்கே என்று பார்க்கத் தேவையில்லை.
ஓட்டுனர் இறங்குகிறான்; பின்கண்ணாடியில் கயிறு ஆடுகிறது,
கொம்பு கம்பியைத் தேடி இடப்பக்கம், வலப்பக்கம்,
ஒரு நீலப் பொறி, மறுபடி நழுவல்.
பக்கத்தில் ஒருவர் கண்ணாடியைத் தட்டத் தொடங்குகிறார்.
நான் தட்டவில்லை.
கம்பளிக்கோட்டுக்குள் என்னைக் கேட்காமலே
எதுவோ இறுகுகிறது.
இடக்கையால் தொட்டுப் பார்க்கிறேன்.
இருக்கிறது.
வண்டி இன்னும் கிளம்பவில்லை.