எத்தனை கிலோ

பெயர்: ஆதம்லெவ்வை ஹயாத்து.
வயது: நாற்பத்தேழு.
தொழில் என்ற இடத்தில்
ஜீஎஸ் சேர் பேனையைத் தூக்கிக்கொண்டு
என்னைப் பார்த்தார்.
"இல்லை எண்டு போடுங்க" என்றேன்.
"மூடைக்காரன்" என்றார் இவர்.
இரண்டையும் எழுதினார்.
கட்டம் போதவில்லை.

சம்மாந்துறை மில்லில் அந்தப் பேருக்கு ஒரு மதிப்பு இருந்தது.
அறுபத்தைந்து கிலோ, ஒரே மூச்சு,
தலையில் மடித்த சாக்கு,
லொறிக்கும் களஞ்சியத்துக்கும் நடுவே ஒரு பலகை.
மாரி தொடங்கிய அன்று பலகை வழுக்கியது.
மூடை உடையவில்லை.
முதலாளி ஓடிவந்து முதலில் அதைத்தான் சொன்னார்.

வெளியே ஒரு கீறல் இல்லை.
கால் இழந்தவருக்கு
இல்லாத கால் சாட்சி சொல்லும்.
இவருடைய நாரிக்குள் நகர்ந்த எலும்புக்கு
ஒரு கறுத்தப் படம்தான் சாட்சி.
ஜன்னலில் பிடித்துப் பார்த்தால்
முள்ளந்தண்டும் தெரியும்,
பின்னால் மதிலும், மதில்மேல் காகமும் தெரியும்.

மெடிக்கல் போர்ட்டுக்கு முதல்நாள்
அடுத்த வளவு ஹம்சத்தும்மா வந்து
காதுக்குள் சொன்னா:
"காலையில குளிசை குடுத்திராத புள்ள.
நோவு முகத்தில தெரியோணும்."
குளிசை அட்டையை
அரிசி வாளிக்குள் புதைத்தேன்.
சுபஹுக்கு எழும்ப முடியாமல்
தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.
ஒரு சத்தம் இல்லை.
வாளிக்குள் கையை விட்டேன்.
இரண்டு குளிசை.
விரலில் அரிசித் தவிடு.

அதனால்தான்
அம்பாறையில் பத்து மணிக்கு
நிமிர்ந்து நடந்து போனார்.
கதவு திறந்து என்னை முன்னால் விட்டார் வேறு.

டொக்டர் நல்ல மனுசி, கதிரை காட்டினா.
சிங்களத்தில் கேட்க,
ஒரு பொடியன் தமிழில் சொன்னான்.
தானாகச் சாப்பிடுவாரா? ஓம்.
தானாக உடுப்பாரா? ஓம்.
சாரன் கட்டிவிட்ட என் கைகள்
மடியில் கிடந்தன.
"அவர் சொல்லட்டும்" என்றான் பொடியன்.
எத்தனை கிலோ தூக்குவீங்க?

மேசையைப் பார்த்தார்.
மேசையிலிருந்த கோப்புகளைப் பார்த்தார்,
நிறை மதிக்கிற மாதிரி.
"அறுபத்தஞ்சு" என்றார்.

முந்தி.
அந்த ஒரு சொல்
தொண்டைக்கும் பல்லுக்கும் இடையில்
எங்கேயோ நின்றுவிட்டது.
பொடியன் கேட்டதைச் சொன்னான்.
டொக்டர் கேட்டதை எழுதினா.
ஓட்டோவுக்கு மூவாயிரத்து ஐந்நூறு.
திரும்பி வரும்போது
வீரமுனை தாண்டும் வரைக்கும்
நாங்கள் கதைக்கவில்லை.

கடிதம் வந்தது.
மாதக் கொடுப்பனவுக்குத் தகைமை இல்லை.
மேன்முறையீடு செய்யலாம், முப்பது நாளைக்குள்.
மகள் பஸ்மிலா வாசித்துவிட்டுக் கேட்டாள்:
"இது என்ன சோதினை உம்மா,
ஏலாது எண்டு எழுதினாத்தான் புள்ளியா?"
பிறகு அவளே
கிணற்றடிக்குக் கலனைக் கொண்டுபோனாள்.

ஐந்து லீற்றர் நிரப்பினாள்.
தூக்கினார், கால் மரத்தது, வைத்தார்.
நான்கு.
மூன்றைத் தூக்கி மூன்று எட்டு வைத்தார்,
தென்னையைப் பிடித்தார்.
இரண்டில் வாசல் வரைக்கும் வந்தார்.

"ஒரு லீற்றர் ஒரு கிலோ வாப்பா.
ரெண்டு எண்டு போடுறன்."
வேர்வையைத் துடைக்காமல்
கலனையே பார்த்துக்கொண்டு நின்றார்.
"மற்றத் தண்ணிக்கு அது சரி மகள்.
இது நம்மட கிணத்துத் தண்ணி, உப்பு.
கனம் கூட.
ரெண்டரை போடு."

அவள் என்னைப் பார்த்தாள்.
பென்சிலால்தான் எழுதியிருந்தாள்.