கீழ்ச்சுருள்

நாலு நிமிடம்.
அதற்குமேல் ஹீட்டரில் வெந்நீர் இல்லை.

பிப்ரவரி. மத்தானில் ஆற்றுமுகம் முழுக்கப் பனிக்கட்டி.
இரவெல்லாம் முதியோர் இல்லத்தில்
யார் யார் முதுகையோ துடைத்துவிட்டு
காலை ஆறரைக்கு வந்து நிற்கிறேன்,
தலையில் ஷாம்பு நுரை,
தோளில் ஐஸ்.

கில்லேன் ஐந்தரைக்கே குளியலறையில்.
இறால் ஆலைக்குப் போகிறவன்
போகும்போது எதற்குக் குளிக்கிறான்,
நாறுவது வரும்போதுதானே
என்று சுவரைக் கேட்டேன்.
அவனைக் கேட்கவில்லை.
கேட்காததைத் தாளில் எழுதிக் கதவில் ஒட்டினேன்:
'வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம்.'
மறுநாள் அதன் அடியில்
பென்சிலில்: 'தெரியும்.'

அந்த ஒற்றைச் சொல்லோடு
ஒன்பது நாள் சண்டை போட்டேன்.

சனி இரவே அவன் ரிமூஸ்கி போனான், தங்கை வீட்டுக்கு.
ஞாயிறு காலை
தொட்டி முழுக்க எனக்கே என்று நின்றேன்.
நாலு நிமிடம்.

திருடன் ஊரில் இல்லை.
திருட்டு நடக்கிறது.

நிலவறைக்கு இறங்கினேன்.
பிரேக்கரை அணைத்து,
கம்பிகளில் உயிர் இல்லையென்று
மீட்டர் சொன்ன பிறகே கைவைத்தேன்.
மேல் சுருள்: பத்தொன்பது ஓம். நலம்.
கீழ்ச்சுருள்: எண்ணே இல்லை.
ஒரு முனையில் சொன்னது
மறுமுனைக்குப் போய்ச் சேரவில்லை.
(எங்களைப் போல என்று எழுத வந்தது.
வேண்டாம். தொட்டி தொட்டிதான்.)

மேலே மூன்றில் ஒரு பங்கு சுட
அதன் காலடியில் ஆறு
வந்த குளிரோடு அப்படியே கிடந்திருக்கிறது.

கடையில் இருபத்தாறு டாலர்.
வடிகுழாயைத் திறந்தால் சொட்டவில்லை,
சுண்ணாம்பு அடைப்பு.
சட்டை மாட்டும் கம்பியை நிமிர்த்திக் குத்தினேன்.
வெண்சோறு போல உதிர்ந்து வந்தது.

பாதி வடிந்திருக்கையில் பையோடு வந்தான்.
எதுவும் கேட்காமல் டார்ச் பிடித்தான்.
ஸ்பேனருக்கு இருவர் பலம் வேண்டியிருந்தது.
வெளியே வந்தது சுருள்,
நடுவில் வெடித்து, தோல் தடித்து,
வேகவைத்த இறால்போல் வளைந்து.

"ரெண்டு வாரமா நான் ஆலையிலதான் குளிக்கிறேன்"
என்றான் அதைப் பார்த்தபடி.
"அப்ப ஐந்தரைக்குத் தண்ணீர்ச் சத்தம்?"
"சவரம். பச்சைத் தண்ணியில."

பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

தொட்டி நிறையும்முன் மின்சாரம் கூடாது,
புதுச்சுருள் காய்ந்தே கருகும்.
மேலே வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு
இருவரும் நின்றோம்.
இருமியது, காற்றைத் துப்பியது,
ஒரு மடக்கு நீர், மறுபடி காற்று.
நானும் ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்தினேன்.
குழாய் முந்திக்கொண்டது:
நீர், நூல் அறாமல்.

அவன் பிரேக்கரைப் போட்டான்.
சூடேற இரண்டு மணி நேரம்.
அதற்குள் மேலே போய்
கதவிலிருந்த தாளை உரித்தேன்.
டேப்போடு
பெயிண்டும் கொஞ்சம் வந்துவிட்டது.