குறியீடு தொண்ணூற்றொன்பது

முக்கூடல் மேலத்தெருப் பள்ளிக்கூடத்திலிருந்து
இருநூறு மீட்டர் தள்ளி ஒரு சுண்ணாம்புக் கோடு.
கோட்டுக்கு இந்தப் பக்கம், வாகை மரத்தடியில்
எனக்கு ஒரு ஸ்டூல், ஒரு அட்டைப்பெட்டி,
தாளுக்கு இருபத்தெட்டு ரூபாய்.

ஓட்டுப் போட்டு வருபவர்களில் ஐந்தாவது ஆளை நிறுத்தவேண்டும்.
நான்காவது ஆள் சிரித்தபடி தானாக வந்தாலும் கூடாது.
ஐந்தாவது ஆள் முறைத்தாலும் அவரைத்தான்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு, அவ்வளவுதான் என்றார்
மேற்பார்வையாளர் செல்வின்.
பானையைக் கிண்டியிருக்கிறதா என்று கேட்க நினைத்தேன்.
தெருவுக்குத் தெரு வேறு அரிசி,
மேலே வெந்தது அடியில் வேகாது இந்த ஊரில்.

ஒன்பது மணிக்கு ஒன்பது புள்ளி ஆறு.
பதினொன்றுக்கு இருபத்துமூன்று.
எண் வந்து இறங்கியதும் டீக்கடை அதற்கு உரை எழுதுகிறது.
"கூட்டம் கூடுனா கோவத்துல வந்திருக்குன்னு அர்த்தம்லா."
"கோவத்துல வாரவன் வரிசையில நின்னு பல்லக் காட்டுவானா வே?"
ரோட்டுக்குத் தெற்கே ஒரு மேசை, வடக்கே ஒரு மேசை.
எழுபதைத் தாண்டினால் நமக்குத்தான் என்றார் தெற்கே பேச்சிநாதன்.
அதே எழுபதை, அதே வாயசைப்பில்,
வடக்கே இருந்தவரும் சொல்லிவிட்டு மோர் குடித்தார்.

ஒரு மணிக்கு வெயில் மட்டும் ஓட்டுப் போட வந்தது.
மேலே காய்ந்த நெற்றுகள் சலசலத்தன.
வாகை என்றால் வெற்றி.
யாருக்கு என்று மரமும் சொல்லவில்லை.
சொல்லாதவர்களுக்குக் குறியீடு தொண்ணூற்றொன்பது;
மரத்துக்கும் போட்டுக்கொண்டேன், மனசுக்குள்.

மூன்றுக்கு மேல்,
பீடிக்கடையில் கட்டு கொடுத்துவிட்டுப் பெண்கள் வந்தார்கள்.
புகையிலைக் கறை ஏறிய விரலில் மை.
எது எது என்று பிரிக்க முடியவில்லை.
முத்துமாலை, நாற்பத்துநான்கு வயது, ஐந்தாவது ஆள்.
"டிக் பண்ணி இந்தப் பெட்டியில போடுங்கக்கா, எனக்கே தெரியாது."
"உள்ள ஒரு பெட்டிக்குச் சொல்லியாச்சு.
வெளிய என்னத்துக்கு இன்னொண்ணு?"
மேசைகளைப் பார்த்தாள். மேசைகள் அவளைப் பார்த்தன.
பிறகு ஏதோ இரக்கத்தில் தாளை வாங்கி
முதுகு காட்டி நின்று எழுதினாள், வெகுநேரம்.
டிக் போட அவ்வளவு நேரம் ஆகாது.

"நீ போட்டியாம்மா?"
என் ஓட்டு வள்ளியூரில். போக வர அரை நாள்,
அரை நாளென்றால் இருபது தாள்.
அங்கே ஒரு டீக்கடையில் இந்நேரம்
வராத என்னை
விரக்தி என்று விளக்கிக்கொண்டிருப்பார்கள்.

ஆறு மணிக்கு எழுபத்தொன்று புள்ளி நான்கு.
தெற்கு மேசையும் ஜெயித்தது, வடக்கு மேசையும் ஜெயித்தது.

ஆற்றுப்பாலத்து விளக்கடியில் பெட்டியைப் பிரித்தோம்.
நாற்பத்தொரு தாள்.
ஒன்றில் எந்தச் சின்னத்தையும் பேனா தொடவில்லை.
பின்பக்கம் ஒரு கணக்கு:
ஆயிரம் பீடிக்கு இருநூற்று எழுபது,
கழிவு என்று பிடித்தது நாற்பது,
இலை போதாமல் வெளியே வாங்கியது முப்பத்தைந்து,
கீழே இரண்டு கோடு இழுத்து நூற்றுத்தொண்ணூற்றைந்து.
நானும் கழித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

"தொண்ணூத்தொம்பது போடு" என்றார் செல்வின்.
"அதையெல்லாம் கடைசியில மத்தவங்களுக்கு
விகிதப்படி பிரிச்சிருவாங்க. ஆபீஸ்ல சாஃப்ட்வேர் இருக்கு."

மூன்று வாரம் கழித்து,
வடக்கே கடைசிக் கட்டம் முடிந்த சாயங்காலம்
டிவியில் ஒரு வட்டம் நிறம் நிறமாகப் பிளந்தது.
கோட்டுப் போட்டவர் ஒருவர்
தென்மாவட்டப் பெண்களின் மனநிலை என்று
ஒரு துண்டைத் தொட்டுக் காட்டினார்.
முத்துமாலையை எந்த நிறத்தில் கரைத்தார்கள் என்று தேடினேன்.

பணம் மறுநாள் வந்தது,
ஆயிரத்து நூற்றிருபது.
நாற்பது தாளுக்கு.
பதில் இல்லாத தாளுக்குக் காசு கிடையாதாம்.